பட்டத்தில் மின்சாரம்: உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

பட்டத்தைப் பறக்கவிட்டு, அது கயிற்றை இழுக்கும் விசையிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "எவ்வளவு உயரம் போகும்?" என்றுதான். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடும், வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் 8 மடங்காகும் என்பதெல்லாம் சரி. அதற்காக 10 கிலோமீட்டர் உயரத்து ஜெட் காற்றைப் பிடிக்கக் கிளம்பக் கூடாது. அங்கே காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அத்தனை நீளக் கயிற்றின் எடையும் காற்றுத் தடையும் சேர்ந்து கிடைப்பதையும் தின்றுவிடும். இன்று சோதனையில் இருப்பவை பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரத்தில்தான் பறக்கின்றன.

இதைவிடப் பெரிய தவறு, பட்டம் ஒரே இடத்தில் நின்றபடி இழுக்கும் என்று நினைப்பது. 1980-இல் அமெரிக்கப் பொறியாளர் மைல்ஸ் லாயிட் காட்டிய வழி வேறு. பட்டத்தைக் காற்றுக்குக் குறுக்கே ஓடவிட வேண்டும். ஒரு பட்டத்தின் தூக்குவிசை அதன் காற்றுத் தடையைப் போல 5 மடங்கு என்றால், குறுக்கே பாயும்போது அது காற்றைவிட ஏறத்தாழ 5 மடங்கு வேகம் எடுக்கும். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஏட்டளவில் 25 மடங்கு வரை ஏறும். வானத்தில் அது எட்டு போட்டுக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். பட்டத்தைப் பெரிதாக்குவதில் மட்டும் குறியாக இருப்பவர்கள் தடையைக் குறைப்பதைக் கோட்டை விடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அப்புறம், சராசரிக் கணக்கு. பட்டம் கயிற்றை இழுக்க இழுக்கத் தரையில் உள்ள உருளை சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும். கயிறு முழுவதும் போனதும் பட்டத்தின் சாய்வை மாற்றி இழுவையைத் தளர்த்தி, அதே எந்திரத்தை மோட்டாராக்கித் திரும்பச் சுற்ற வேண்டும். உதாரணத்துக்கு, 80 விநாடி 100 கிலோவாட் தந்து, அடுத்த 20 விநாடி 20 கிலோவாட் தின்றால் சராசரி 76 தான். அந்த 100-ஐ மட்டும் எழுதி வைப்பது ஏமாற்றத்தில் முடியும். கயிற்றை விடும் வேகமும் முக்கியம்: லாயிட்டின் கணக்குப்படி காற்று வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேகமாக விட்டால் இழுவை செத்துவிடும்; மிக மெதுவாக விட்டால் விசை இருந்தும் உருளை போதிய வேகத்தில் சுழலாது.

ஏற்றுவது, இறக்குவது, காற்று திடீரென்று அடங்குவது, மின்னல், கயிற்றின் தேய்மானம், விமானப் போக்குவரத்து அனுமதி. இவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று, பட்ட மின்சாரத்தில் இறங்கிய மகானி என்ற அமெரிக்க நிறுவனம் மூடப்பட்டதைக் காட்டி "இது நடக்காது" என்று முடிவு கட்டுவது. 26 மீட்டர் நீள இறக்கையில் மின்சாரம் எடுக்கும் 8 சுழலிகளைப் பொருத்திய அவர்களுடைய கருவி 2019-இல் நார்வே கடலில் பறந்து, சோதனையில் விழுந்தது. 2020 பிப்ரவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் அதைக் கைவிட்டது. ஆனால் ஜெர்மனியின் ஸ்கைசெய்ல்ஸ் நிறுவனம் மொரீஷியஸில் துணிப் பட்டத்தை நிறுவியிருக்கிறது. நெதர்லாந்தின் கைட்பவர் நிறுவனம் அயர்லாந்தில் சோதித்திருக்கிறது. மகானி குழு தன் சோதனை விவரங்களைப் பொதுவில் வெளியிட்டுவிட்டுத்தான் போனது. புதிதாக வரைபடம் போட உட்காருகிறவர்கள் முதலில் அவற்றைப் படியுங்கள்.