வான்டட்லியும் மோட்டிவும்: நோக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் தவறுகள்

இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் இன்டர்வியூ. "ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். பையன் தயங்காமல், "மை மோட்டிவ் இஸ் டு சப்போர்ட் மை ஃபேமிலி" என்கிறான். இலக்கணம் சரிதான், எண்ணமும் நல்லதுதான். ஆனால் 'மோட்டிவ்' என்ற சொல் ஆங்கிலக் காதுக்குக் கொஞ்சம் சந்தேகமாகக் கேட்கும். வெளியே சொல்லாத காரணம், உள்நோக்கம் என்கிற நிழல் அதற்கு உண்டு. போலீஸ் விசாரணையில் புழங்குகிற சொல். மோட்டிவேஷன் என்பதைத் தினமும் யூடியூபில் கேட்டுக் கேட்டு, மோட்டிவும் அதே போல நல்ல சொல் என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே வேரில் வந்தவை என்றாலும் புழக்கம் வேறு. "ஐ வான்ட் டு சப்போர்ட் மை ஃபேமிலி" என்றால் போதும்.

சட்டத்தில் மோட்டிவையும் இன்டென்ஷனையும் மாற்றிப் போட்டால் விளைவு பெரிது. ஒத்தக்கடைப் பக்கம் ஹைகோர்ட் கிளை 2004-இல் வந்த பிறகு, மதுரையில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு வழக்குகளை நேரில் கேட்கிற வாய்ப்பு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மோட்டிவ் என்றால் ஒருவன் ஏன் செய்தான் என்பது. பழைய நிலத்தகராறு, கொடுக்கல் வாங்கல் மாதிரி. இன்டென்ஷன் என்றால் அந்தச் செயலால் எது நடக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தான் என்பது. கண்ணால் பார்த்த சாட்சி வலுவாக இருந்தால் மோட்டிவை நிரூபிக்காமலேயே தண்டனை கொடுக்கலாம். கொலைக் குற்றத்திலோ இன்டென்ஷனை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இதோடு, பலர் சேர்ந்து செய்த குற்றங்களில் 'காமன் இன்டென்ஷன்', 'காமன் ஆப்ஜெக்ட்' என்று ஒரு ஜோடியும் உண்டு. முன்பு தண்டனைச் சட்டத்தின் 34, 149-ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5), 190. முதலாவதற்கு இரண்டு பேர் மனம் ஒத்துச் செய்திருந்தாலே போதும். இரண்டாவதற்கு ஐந்து பேராவது சேர்ந்த சட்டவிரோதக் கூட்டம் வேண்டும். தமிழில் இரண்டையும் 'பொது நோக்கம்' என்று எழுதிவிட்டால் படிக்கிறவருக்கு எந்தப் பிரிவு என்றே தெரியாது.

சரி, கோர்ட்டை விட்டு வெளியே வருவோம். "வேணும்னே பண்ணான் சார்" என்பதை நம் ஊரில் "ஹி டிட் இட் வான்டட்லி" என்று சொல்வார்கள். 'வேணும்' என்றால் 'வான்ட்', அதனால் 'வேணும்னே' என்றால் 'வான்டட்லி'. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் தென்னிந்தியாவைத் தாண்டினால் இந்தச் சொல் புரிவது சந்தேகம். "ஆன் பர்ப்பஸ்" அல்லது "டெலிபரேட்லி" என்று சொல்லுங்கள். தெரியாமல் செய்ததற்கு "ஐ டிட்ன்ட் மீன் டு". மன்னிப்புக் கேட்க இதைவிட எளிய வாக்கியம் கிடையாது.

அதிகம் நடக்கிற தவறு எது என்று கேட்டால், என் கணக்கில் 'ஃபார்'தான். "ஐ வென்ட் டு மாட்டுத்தாவணி ஃபார் பையிங் ஃப்ளவர்ஸ்", "ஐ கேம் டு மதுரை ஃபார் ஸ்டடியிங் நர்சிங்." மனசுக்குள் 'வாங்குவதற்காக', 'படிப்பதற்காக' என்று ஓடுகிறது, அந்த 'காக'வை ஃபார் என்று மாற்றிவிடுகிறோம். தமிழிலேயே இதற்குச் சுருக்கமான வழி இருக்கிறது: பூ வாங்கப் போனேன், நர்சிங் படிக்க வந்தேன். இந்த 'வாங்க', 'படிக்க' அப்படியே ஆங்கிலத்தில் 'டு பை', 'டு ஸ்டடி' ஆகிவிடும். "ஐ வென்ட் டு மாட்டுத்தாவணி டு பை ஃப்ளவர்ஸ்." ஃபாருக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் பிரச்சினையில்லை: "ஃபார் எ வெட்டிங்", "ஃபார் ஹையர் ஸ்டடீஸ்". ஒரு பொருளின் உபயோகத்தைச் சொல்லும்போதும் ஃபாரோடு 'இங்' வரலாம்: "திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்." ஆள் ஏன் போனார் என்பதற்கு மட்டும் அது வேண்டாம்.

எய்ம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. (மதுரைக்காரர்களுக்கு எய்ம் என்றாலே 2019-இல் தோப்பூரில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸ்தான் ஞாபகம் வரும், அது வேறு கதை.) பள்ளிக்கூடத்திலிருந்தே "மை எய்ம் இஸ் டாக்டர்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். எய்ம் என்பது டாக்டர் இல்லை, டாக்டர் ஆவது: "மை எய்ம் இஸ் டு பிகம் எ டாக்டர்." அதே மாதிரி "ஐ ஹேவ் அன் ஐடியா டு டூ எம்.பி.ஏ." என்பது 'எம்.பி.ஏ. பண்ற ஐடியா இருக்கு' என்பதன் நேர்ப்பெயர்ப்பு. "ஐ ஆம் திங்கிங் ஆஃப் டூயிங் அன் எம்.பி.ஏ." என்பதே இயல்பு.

பி.எட். மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் தடுக்கி விழுகிற இடம் வேறு. எய்ம் என்பது பொதுவானது, பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். ஆப்ஜெக்டிவ்கள் அதை அடையும் படிகள். முடிந்ததா இல்லையா என்று சரிபார்க்கக் கூடியவை. அதனால் பாடத்திட்டத்தில் "டு அண்டர்ஸ்டாண்ட் போட்டோசிந்தசிஸ்" என்று எழுதினால் கைடு சிவப்பு மையில் சுழிப்பார். புரிந்ததை எப்படி அளப்பது? 'லிஸ்ட்', 'எக்ஸ்ப்ளெயின்', 'கம்பேர்' மாதிரி வினைச்சொற்கள் வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் இன்னொரு கோளாறு, "டு கலெக்ட் டேட்டா ஃப்ரம் ஃபார்மர்ஸ் இன் மேலூர்" என்பதை ஆப்ஜெக்டிவ் பட்டியலில் சேர்ப்பது. தகவல் திரட்டுவது வழிமுறை. அந்த விவசாயிகளிடமிருந்து எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதே ஆப்ஜெக்டிவ்.

பயோடேட்டாவின் தலையில் வரும் 'கேரியர் ஆப்ஜெக்டிவ்' பத்தியைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் கிடக்கிற பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி வருவதால், சிவில் படித்தவரும் பி.காம். படித்தவரும் ஒரே "ரெபியூட்டட் ஆர்கனைசேஷன்" வாக்கியத்தோடு வந்து நிற்கிறார்கள். எழுதியே ஆக வேண்டுமானால் என்ன வேலை, என்ன தெரியும் என்று இரண்டே வரி எழுதுங்கள்: ஜூனியர் அக்கவுன்டன்ட் வேலை தேடுகிறேன், டேலியும் ஜி.எஸ்.டி. ஃபைலிங்கும் தெரியும்.

கடைசியாக, மெயிலின் கீழே வரும் "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ". அது 'ஹியரிங்' என்று இருக்க வேண்டும். எய்முக்குப் பின்னால் வந்த 'டு' வேறு, இந்த 'டு' வேறு. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். "லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்" பொருந்துகிறது, ஆகவே 'இங்' வரும். "வான்ட் டு த மீட்டிங்" பொருந்தவில்லை, ஆகவே வினைச்சொல் அப்படியே வரும். "வித் எ வியூ டு" என்பதும் முதல் வகைதான்: "வித் எ வியூ டு இம்ப்ரூவிங்". அப்புறம், "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்" என்றால் கொஞ்சம் நெருக்கம், "ஐ லுக் ஃபார்வர்ட்" என்றால் ஆபீஸ் மரியாதை. ஹெச்.ஆருக்கு எழுதும்போது இரண்டாவதைப் போடுங்கள்.