சாரல் காலத்துல கேம் டிஸ்க்கையெல்லாம் எப்படி வைக்கறது

செங்கோட்டை, புளியரை பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்றேன், ஜூன் பொறந்து சாரல் ஆரம்பிச்சா மலையைப் பாத்த சுவரு ஓதம் அடிக்கும், அந்த சுவத்துல ஷெல்ஃப் அடிக்கவே அடிக்காதீங்க. நான் அடிச்சேன், ரெண்டே மழைக்காலத்துல பிஎஸ் 2 (பிளேஸ்டேஷன் 2 கேம்) கவர் உள்ள இருக்கற பேப்பர் எல்லாம் கறுப்புப் புள்ளி புள்ளியா பூசணம் பிடிச்சிருச்சு, மனசே ஆறல.

இப்ப உள்சுவர்ல, சுவத்தை விட்டு ரெண்டு விரல் தள்ளி. ஆசாரிகிட்ட அளவு தெளிவா சொல்லிடுங்க, சும்மா விட்டா 12 இன்ச் உயரம் வச்சு பாதி இடம் வீணாப் போகும். பிஎஸ் 2 டப்பா 19 செமீ உயரம், 14 மிமீ தடிமன், அதனால தட்டு உயரம் 8 இன்ச், ஆழம் 6 இன்ச் போதும், 3 அடி தட்டுல 65 டப்பா நிக்கும். ஆழம் கூடினா பின்னாடி இன்னொரு வரிசை அடுக்கத் தோணும், அப்புறம் பின்வரிசைய யாரும் தொடவே மாட்டோம்.

புக்கு மாதிரி நிக்க வைங்க, படுக்க வச்சு அடுக்குனா அடி டப்பா நசுங்கும். வெயில் நேரா பட்டா கவர் கலர் வெளுத்துரும். கார்ட்ரிட்ஜுக்கு (பழைய வீடியோ கேம் கேசட்) காத்துப்போகாத டப்பா, உள்ள ஈரத்தை இழுக்கற நீல சிலிக்கா ஜெல் மணி, அந்த நீலம் ரோஸ் ஆனா மாத்திருங்க.