பழைய காரில் இண்டிகேட்டர் சுவிட்சை நீங்களே மாற்றலாம், ஆனால் முதலில் சுவிட்ச்தான் குற்றவாளியா என்று பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இண்டிகேட்டர் எரியவில்லை என்று சொன்னால் பாதிப் பேர் உடனே ஸ்டியரிங் கழுத்தில் இருக்கும் சுவிட்சைத்தான் கை காட்டுவார்கள். தினமும் கையில் படுவது அதுதானே. ஆனால் உண்மையில் கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு ஏதாவதுதான். நானும் ஒருமுறை ஸ்டியரிங்கைக் கழற்றி, புது சுவிட்ச் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகும் வலது பக்கம் எரியாமல், கடைசியில் பின் விளக்கைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டில் துருவைக் கண்டுபிடித்தேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி சோதனையைப் பற்றித்தான் இருக்கும். கழற்றிப் பூட்டுவது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

மின்சாரம் போகும் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து பியூஸ், அங்கிருந்து விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷர், ஃப்ளாஷரிலிருந்து ஒரே ஒரு ஒயர் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று, பிறகு பல்பு, பல்பிலிருந்து பாடி வழியாக எர்த். இரண்டு பக்கமுமே செத்துக் கிடந்தால் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் பியூஸையும் ஃப்ளாஷரையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் பல்பு, ஹோல்டர், எர்த்தைப் பாருங்கள். பழைய ஃப்ளாஷர் சூட்டில் வேலை செய்வது. பல்புகளுக்குப் போகும் கரன்ட்தான் உள்ளே இருக்கும் தகட்டையோ கம்பியையோ சூடாக்கி இணைப்பைத் திறந்து மூட வைக்கிறது. 12 வோல்ட் காரில் ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்பு இரண்டு என்றால் ஏறக்குறைய 3.5 ஆம்பியர். ஒரு பல்பு போய்விட்டால் அது பாதியாகிவிடும், தேவையான சூடு வராது, மிச்சமிருக்கும் பல்பு சிமிட்டாமல் அப்படியே எரியும் அல்லது வேகம் மாறிவிடும். யாராவது இடையில் எல்இடி பல்பு மாட்டியிருந்தாலும் இதே கதைதான், அது இழுக்கும் கரன்ட் போதாது. இதற்கெல்லாம் சுவிட்சை மாற்றி ஒன்றும் ஆகாது.

எர்த்தைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ துரு தடுக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தாலே பல நேரம் எல்லாம் சரியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சுவிட்சின் முறை. ஸ்டியரிங் தண்டின் அடியில் சுவிட்சின் ஒயர்கள் காரின் ஒயரிங்கோடு சேரும் கனெக்டரைக் கழற்றுங்கள். பியூஸ் போட்ட ஒரு துண்டு ஒயரை எடுத்து, காரின் பக்கம் உள்ள கனெக்டரில் ஃப்ளாஷரிலிருந்து வரும் முனையை இடது விளக்குக்குப் போகும் முனையோடு இணையுங்கள், பிறகு வலதோடு. சுவிட்ச் உள்ளே செய்வதும் இதைத்தான். இப்படி இணைத்தால் விளக்குகள் ஒழுங்காகச் சிமிட்டி, சுவிட்ச் வழியாக மட்டும் சிமிட்டவில்லை என்றால், வேறு பேச்சே இல்லை, சுவிட்ச்தான். லூக்காஸ் நிறுவனத்தின் ஒயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் ஃப்ளாஷரிலிருந்து வருவது வெளிர் பச்சையில் பழுப்புக் கோடு, இடதுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள், ஃப்ளாஷருக்குள் போவது 49, வெளியே வருவது 49ஏ. பழைய காரில் யாராவது கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் ஒட்டிவைத்திருப்பார்கள், அதனால் மீட்டர் வைத்து உறுதி செய்யாமல் எதையும் இணைக்காதீர்கள்.

அமெரிக்கக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அவற்றில் பலவற்றில் பின்பக்கம் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பல்புக்குள் ஒரே இழைதான், அதனால் பிரேக் விளக்குக்கான ஒயரும் இந்த சுவிட்ச் வழியாகவே போகும். மேலே நடுவில் தனி பிரேக் விளக்கு இல்லாத காலத்துக் கார்களைப் பற்றித்தான் சொல்கிறேன். பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் எரியாமல், அந்தப் பக்கப் பல்பும் எர்த்தும் நன்றாக இருந்தால் சுவிட்ச் மேல் பலமாகச் சந்தேகப்படலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்பது சரியாகத் தெரியாமல் போகலாம்.

கைப்பிடி ஒரு பக்கம் நிற்காமல் திரும்பி விழுகிறது, அல்லது திருப்பம் முடிந்த பிறகும் தானாக அணையவில்லை என்றால் மின்சோதனை எதுவும் தேவையில்லை. உள்ளே இருக்கும் சிறிய பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கும். உடையவில்லை, தொடும் இடங்கள்தான் கறுத்திருக்கின்றன என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, இறுகிய பழைய கிரீஸைத் துடைத்துப் பாருங்கள், அசல் சுவிட்ச் இன்னும் சில வருடம் உழைக்கும். கிடைக்கிற மாற்று சுவிட்சுகளைவிடப் பழைய அசலின் பித்தளை பெரும்பாலும் கனமாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

புதியதை வாங்கும்போது ஒயர்களின் எண்ணிக்கை, கனெக்டரின் வடிவம், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கும் காருக்கானது என்பதையெல்லாம் பழையதோடு ஒப்பிடுங்கள். காரில் மாட்டுவதற்கு முன்பே மேசையில் வைத்து மீட்டரால் சோதியுங்கள். இடது போட்டால் இடதுக்கு மட்டும், வலது போட்டால் வலதுக்கு மட்டும், நடுவில் எதற்கும் இல்லை. ஐந்து நிமிட வேலை.

சரி, கழற்றலாம். முதலில் பேட்டரியின் எர்த் ஒயரை எடுங்கள். எர்த் என்றால் எப்போதும் மைனஸ் என்று நினைக்க வேண்டாம், பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் கூட 1967 வரை அப்படித்தான் வந்தது. அடுத்து முன் சக்கரங்களை நேராக வைத்து, அப்படியே விடுங்கள். சில கார்களில் ஸ்டியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் மூடியின் இரண்டு பாதிகளைப் பிரித்தாலே சுவிட்ச் கைக்கு வந்துவிடும், ஸ்டியரிங்கைத் தொட வேண்டியதே இல்லை, உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை, அதற்கு வேறு முறை.

ஸ்டியரிங்கைக் கழற்றியாக வேண்டுமென்றால் ஹார்ன் பட்டனை எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங், வாஷர் எல்லாம் எந்த வரிசையில் வந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று சுற்று விட்டுவைப்பது அவசியம், ஏனென்றால் இறுகிப் பிடித்திருக்கும் ஸ்டியரிங் திடீரென்று விடுபடும்போது நேராக முகத்தில் வந்து அடிக்கும், அந்த நட்டுதான் அதைத் தடுக்கும். தண்டிலும் ஸ்டியரிங் நடுவிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். ஆட்டினால் வரவில்லையா, அதை இழுத்து எடுக்கும் கருவியான புல்லரைப் போடுங்கள். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே அடிக்காதீர்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல கார்களில் மோதலின்போது உள்ளே மடங்குவதற்காகச் செய்த தண்டு இருக்கிறது, அதன் பிளாஸ்டிக் ஊசிகள் சுத்தியல் அடியில் முறிந்துவிடும், முறிந்தது வெளியே தெரியாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பூட்டு உள்ள தண்டு என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒரு தட்டும் அதைப் பிடிக்க ஒரு கிளிப்பும் இருக்கும். அதை அழுத்துவதற்கென்றே உள்ள கருவி இல்லாமல் கிளிப்பை நெம்பாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சுவிட்சின் ஸ்குரூக்களை எடுத்ததும் ஒயரை இழுத்துவிடத் தோன்றும், பொறுங்கள். தண்டுக்குள் வழி குறுகலாக இருக்கும். கீழே கனெக்டரின் முனையில் ஒரு நீளமான நூல் கயிற்றைக் கட்டி, மேலே டேப் சுற்றி வழவழப்பாக்கி, அப்புறம் சுவிட்சை மேலிருந்து இழுங்கள். சுவிட்ச் வெளியே வரும்போது கயிறு தண்டுக்குள் நிற்கும், புது ஒயரை அதே கயிற்றில் கட்டிக் கீழிருந்து இழுத்தால் வந்துவிடும். கனெக்டர் நுழையாத அளவு பெரியது என்றால் முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும், எந்த ஓட்டையில் எந்த நிறம் என்று முதலில் எழுதி வையுங்கள்.

பூட்டும்போது ஒரே ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. சக்கரங்கள் நேராகவும் சுவிட்ச் கைப்பிடி நடுவிலும் இருக்கும்போதுதான் ஸ்டியரிங்கை இறக்க வேண்டும். கைப்பிடி இடதிலோ வலதிலோ இருக்கும்போது இறக்கினால், திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் ஊசி கொக்கியின் மேலேயே உட்கார்ந்து, நட்டை முறுக்கும்போது புது சுவிட்சை உடைத்துவிடும். ஊசி உரசும் இடத்தில் துளி கிரீஸ் போதும், மின்சாரம் தொடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

ஸ்டியரிங்கை இறக்கும் முன் பேட்டரியை இணைத்து இடது, வலது, பிரேக், எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டும் ஹசார்ட் இருந்தால் அதையும் சோதித்துவிட்டு, மறுபடி எர்த்தைக் கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள், கை அளவை நம்பாதீர்கள், இது ஸ்டியரிங். பூட்டு வாஷர் மடித்துவிடும் வகை என்றால் புதியது போடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாகத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள். பேட்டரியை இணைத்து ஹார்னையும் அடித்துப் பாருங்கள்.

கடைசியாக ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் அணைந்தால் சுவிட்சைக் குறை சொல்லாதீர்கள், ஸ்டியரிங் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கழற்றி, நீங்கள் போட்ட கோட்டுக்கு நேராக மறுபடி வையுங்கள்.