ஈயின் மைக்ரோ ஆர்என்ஏ பழையதா, புதிதாய்ப் பிறந்ததா? நீங்களே பார்ப்பது எப்படி

கொய்யாவைக் குத்திப் புழு வைக்கும் ஈ வேறு குடும்பம். பீடோரில் கொய்யா வளர்ப்பவர்களுக்கு அதைத் தெரியும். நாம் பார்க்கப் போவது வீட்டில் கனிந்துபோன வாழைப்பழத்தில் மொய்க்கும் குட்டிச் சிவப்புக் கண் ஈயை, அதாவது டிரோசோபிலாவை. என்னிடம் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் படிவம் 6 பிள்ளைகளோடு செய்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு லேப்டாப் போதும். தோட்டத்துப் பக்கம் லைன் மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை, இறங்குவதெல்லாம் வெறும் எழுத்துகள்தான்.

முதலில் உருவத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது சாலை ஒரு பக்கம் போய், வளைந்து, அதன் பக்கத்திலேயே திரும்பி வருமே, அந்தக் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஓர் ஆர்என்ஏ இழை தன்மேலேயே மடிகிறது. இரண்டு கைகளும் ஜோடி சேர்கின்றன: ஏ-யூ, ஜி-சி, சில இடங்களில் ஜி-யூ. ட்ரோஷா என்ற நொதி அடியை வெட்டும், டைசர் என்ற இன்னொரு நொதி வளைவை வெட்டி எறியும். மிஞ்சும் சுமார் 22 எழுத்துத் துண்டுதான் மைக்ரோ ஆர்என்ஏ. அது ஆர்கோநாட் என்ற புரதத்தில் உட்கார்ந்து, மற்ற ஜீன்களின் செய்தியை அடக்கும். இப்படிப்பட்ட முதல் துண்டை 1993-இல் ஒரு புழுவில் கண்டதற்காகத்தான் ஆம்ப்ரோஸும் ருவ்கனும் 2024-இல் நோபல் வாங்கினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பட்டியலிடும் மிர்பேஸ் (miRBase) தளத்தில் லெட்-7 (let-7) என்ற மைக்ரோ ஆர்என்ஏவைத் தேடுங்கள். ஈயினுடையதற்கு முன்னால் டி, எம், ஈ (dme) என்ற மூன்று ஆங்கில எழுத்து இருக்கும். அதன் முழு மடிப்பு வரிசையையும் காப்பி செய்யுங்கள், 22 எழுத்தை மட்டும் எடுத்தால் தேடலில் சரியாகச் சிக்காது. யூ (U) எல்லாவற்றையும் டிஎன்ஏவின் டி (T) ஆக்கிவிட்டு, யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் (UCSC Genome Browser) தளத்தில், வரிசை எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் பிளாட் (BLAT) என்ற பகுதியில் டிஎம்6 (dm6) என்ற ஈ ஜீனோமைத் தேர்ந்து ஒட்டுங்கள். இடம் கிடைத்ததும் கன்சர்வேஷன் டிராக்கைத் திறங்கள், மற்றப் பூச்சிகளின் அதே இடம் வரிசையாகக் கீழே வரும். மாறாத இடம் மேடாகவும், மாறிய இடம் பள்ளமாகவும் தெரியும்.

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். பழைய மைக்ரோ ஆர்என்ஏ என்றால் இரண்டு மேடு, நடுவில் ஒரு பள்ளம் தெரியும்: கைகள் மாறாமல் நிற்கும், வளைவோ எறியப்படுவதால் அதில் என்ன மாறினாலும் ஈக்கு நட்டமில்லை. பள்ளமே இல்லாமல் நீளமாக ஒரே மேடு, அதிலும் மூன்று எழுத்துக்கு ஒன்று மட்டும் தளர்ந்து மாறுகிறது என்றால், அது புரதம் எழுதும் பகுதியாக இருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள். பிறகு வேலை செய்யும் துண்டின் 2 முதல் 8 வரை எண்ணுங்கள். லெட்-7-இல் அது ஜி-ஏ-ஜி-ஜி-யூ-ஏ-ஜி. இதே ஏழு எழுத்து மனிதனிலும் இருக்கிறது. நமக்கும் ஈக்கும் பொது மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுக்கு மேல் ஆயிற்று, ஆனாலும் அசையவில்லை, ஏனென்றால் எந்த ஜீனில் போய் உட்காருவது என்பதைப் பெரும்பாலும் இந்த ஏழும்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று மாறினால் பழைய இலக்குகள் பல கைவிட்டுப் போய், வேண்டாதவை வந்து சேரும். எதிர்க் கைக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, ஜி-க்கு எதிரே சி இருந்த இடத்தில் யூ வந்தாலும் ஜோடி கலையாது. அந்த மாற்றங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்வேன், பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்குகிறது.

அப்புறம் மிர்-310 முதல் 313 வரை உள்ள நான்கு மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பாருங்கள். நான்கும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மிர்-92 குடும்பத்துக்குச் சொந்தம், ஆனால் வேகமாக மாறுபவை. நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் நகலெடுப்பில் குடும்பம் பெருகியது தெரியும். 2007-இல் ஈயில் கண்ட மிர்ட்ரான்கள் என்ற வகை இன்னும் சுவையானது, ஜீனின் செய்தியிலிருந்து வெட்டி எடுக்கப்படும் இன்ட்ரான் என்ற துண்டே மடிந்துகொள்வதால் அவற்றுக்கு ட்ரோஷா தேவையே இல்லை.

வயதைக் கணிக்க மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ், சூடோஆப்ஸ்கூரா, விரிலிஸ் என்ற டிரோசோபிலா இனங்களில் நெருங்கிய உறவிலிருந்து தூரத்து உறவுக்குப் போங்கள். முதல் இரண்டில் மட்டும் இருந்தால் இளையது. ஆனால் வெற்றிடத்தைக் கண்டதும் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள், அந்த இனத்தின் ஜீனோமில் அந்தத் துண்டு வாசிக்கப்படாமலேயே விட்டுப்போயிருக்கலாம். எழுத்துகள் இருக்கிறதென்றால் அவற்றை எடுத்து ஆர்என்ஏஃபோல்ட் தளத்தில் மடித்துப் பாருங்கள். வரிசை ஏறக்குறைய அப்படியே இருந்தும் கொண்டை ஊசி மடியாமல் கலைந்து கிடந்தால், மடிப்பு இந்தக் கிளையில் பிறந்திருக்கலாம், அல்லது அந்தக் கிளையில் செத்திருக்கலாம். எது என்று தெரிய இன்னும் தூரத்து இனம் ஒன்றையும் மடிக்க வேண்டும்.

லெட்-7-ஐ முதலில் செய்யுங்கள், அடுத்து பாண்டம் (bantam) என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ, மிர்-310 கடைசியில். மூன்றுக்கும் ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.