லீனியர் வாங்கும் முன் கேபிளை வெட்டிப் பாருங்கள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் புதிதாக ரேடியோ பிடித்திருக்கும் தம்பிகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த லீனியர் வாங்கலாம்?" லீனியர் என்றால் ரேடியோ செட்டின் பவரைப் பெருக்கி ஆண்டெனாவுக்கு அனுப்பும் பெட்டி. பேட்டரி வயரை மாற்றிக் கொடுக்காதே என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது ஒரு ஃபியூஸ் போனால் தானாகப் புரிந்துவிடும்.

சிபியில் லீனியர் போடலாமா?

கூடாது. சிபி என்றால் சிட்டிசன் பேண்ட், பொதுமக்கள் பேசும் அலைவரிசை. இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பேசலாம், ஆனால் 5 வாட்டுக்குள். பவர் வேண்டுமென்றால் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமத் தேர்வு எழுதி 28 மெகாஹெர்ட்ஸுக்கு வாருங்கள்.

"மீட்டர் 1.4 காட்டுதே"

பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். தங்கச்சிமடத்தில் உரிமம் வாங்கிய தம்பி ஒருவர், சிக்னல் போகவில்லை என்று கடன் வாங்கி 400 வாட் லீனியர் எடுத்துவிட்டார். அப்புறமும் போகவில்லை. ஆண்டெனா போட்ட புதிதில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவில் மோதிப் பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 2 இருந்ததாம், ரெண்டு மழைக்காலம் போனதும் 1.4-க்கு இறங்கிவிட்டதாம். அதில் அவருக்கு ரொம்பத் திருப்தி.

மாடிக்குப் போய், ஆண்டெனா கனெக்டருக்கு ஒரு சாண் கீழே கேபிளை வெட்டினேன். செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டிய கம்பிப் பின்னல் கறுத்து, விரலில் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஒரு மீட்டர் தள்ளி வெட்டினாலும் அதே கதை. கனெக்டர் மேல் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். வெயிலில் அதன் பசை விட்டுப்போய், வாடைக் காற்றோடு வந்த உப்புத் தண்ணீர் பின்னல் வழியே உள்ளே இறங்கிவிட்டது.

கெட்ட கேபிளில் மீட்டர் ஏன் நல்லதாகக் காட்டுகிறது? மேலே போகும் பவரில் ஒரு பங்கை கேபிள் தின்கிறது. ஆண்டெனாவில் மோதித் திரும்பி வருவதிலும் அதே பங்கைத் தின்கிறது. கீழே இருக்கும் மீட்டருக்கு மிச்சம்தான் வந்து சேரும். 6 டெசிபல் (நாலில் மூன்று பங்கு பவர்) இழக்கும் கேபிளின் மேல்முனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் 1.7-தான் காட்டும். 400 வாட் ஏற்றினால் 100 வாட்தான் மேலே போய்ச் சேரும், 300 வாட் கேபிளைச் சூடாக்கும். காதில் விழ வேண்டியதும் அதே அளவு குறையும், அதை எந்த லீனியரும் திருப்பித் தராது.

சோதிப்பது சுலபம். லீனியரை அணைத்துவிட்டு, செட்டை மிகக் குறைந்த பவரில் வைத்து, கேபிளின் மேல்முனையில் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு நொடி மட்டும் மீட்டரைப் பாருங்கள். முள் கடைசிக்குப் பாய வேண்டும். 2, 3-இல் நின்றால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். புதுக் கேபிளின் கனெக்டரில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப் போடுங்கள்.

ஓவர் டிரைவ்

உள்ளே 4 வாட் கேட்கும் லீனியருக்கு செட்டிலிருந்து 4 வாட்தான் கொடுக்க வேண்டும், கூடக் கொடுக்கக் கூடாது.

பவர் சப்ளை

13.8 வோல்ட்டில் 400 வாட் எடுக்க 60 ஆம்பியர் போல இழுக்கும். ஒல்லி வயரில் வோல்டேஜ் விழும், குரல் கரகரக்கும், பக்கத்து அலைவரிசை எல்லாம் சிதறும்.

ஃபில்டர் இல்லாத மலிவுப் பெட்டி

நம் கடற்கரையில் இது ஆபத்து. சிபியின் 4-ஆம் சேனல் 27.005 மெகாஹெர்ட்ஸ். அதன் ஆறாம் ஹார்மோனிக், அதாவது ஆறு மடங்கு அலைவரிசையில் கசியும் வேண்டாத சிக்னல், 162.030. கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவியின் ஒரு சேனல் 162.025. ஹார்மோனிக் பலவீனமானதுதான், ஆனால் அதைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாத பெரிய லீனியரை ஜெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அங்கே கட்டியிருக்கும் படகின் ரிசீவர் அடைத்துப் போகலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டெனா சாக்கெட்டுக்கு முன்னால் வரிசையாகக் காயில்களும் கெப்பாசிட்டர்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.