பிலிப்பினோ உணவகத்தில் முதன்முறையாகச் சாப்பிடச் செல்பவர்களுக்கு

பிலிப்பினோ சமையலில் உப்பு, புளிப்பு, காரம் ஆகியவற்றின் இறுதி அளவைச் சமையற்காரர் முழுமையாகத் தீர்மானிப்பதில்லை. அதில் ஒரு பங்கைச் சாப்பிடுபவரின் கைக்கே விட்டுவிடுகிறார். மேசைக்கு வரும் சிறு கிண்ணங்களில் இருக்கும் சாறு, விழுது வகைகளுக்கு அவர்கள் மொழியில் சவ்சவன் என்று பெயர். தொட்டுக்கொள்வது என்றே அதற்குப் பொருள். அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர் ஒருமுறை சென்று, "சப்பென்று இருக்கிறது" என்று கூறித் திரும்பாமல் போவதற்கு, அந்தக் கிண்ணங்களைத் தொடாமலே எழுந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம்.

முதலில் எங்கே செல்வது என்பதைப் பார்ப்போம். நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு வழி மிக எளிது. மளிகைச் சாமான் வாங்க ஜாக்சன் ஹைட்ஸுக்குச் செல்பவர்கள் இறங்கும் 74ஆம் தெரு நிலையத்திற்கு அடுத்த நிறுத்தமே, 7ஆம் எண் ரயிலில், 69ஆம் தெரு. அங்கே ரூசவெல்ட் அவென்யூவில் பிலிப்பினோ உணவகங்களும் பேக்கரிகளும் மளிகைக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2022இல் அந்த வீதியின் ஒரு சந்திப்புக்கு லிட்டில் மணிலா அவென்யூ என்ற பெயரும் சூட்டப்பட்டது. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு சான்பிரான்சிஸ்கோவின் தெற்கு எல்லையை ஒட்டிய டேலி சிட்டி பொருத்தமானது. சிகாகோவில், 2022இல் மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற முதல் பிலிப்பினோ உணவகமான கசாமா இருக்கிறது. ஆனால் அதன் இரவு விருந்து, சமையற்காரரே வரிசைப்படுத்திப் பரிமாறும் வகையைச் சேர்ந்தது. முதல் பாடத்தை அங்கே தொடங்க வேண்டாம்.

முதல் முறைக்கு நான் பரிந்துரைப்பது துரோ-துரோ எனப்படும் சாதாரணக் கடையைத்தான். "துரோ" என்றால் சுட்டிக்காட்டுவது. கண்ணாடிக்குப் பின்னால் சூடான தட்டுகளில் பத்துப் பன்னிரண்டு வகைகள் இருக்கும், விரலால் சுட்டிக் காட்டினால் சோற்றோடு சேர்த்து எடுத்து வைப்பார்கள். பெயர் தெரியாது என்ற கூச்சம் அங்கே தேவையில்லை. மதியம் பன்னிரண்டு மணி வாக்கில், தட்டுகள் புதிதாக நிரப்பப்படும் வேளையில் செல்வது நல்லது. பிற்பகல் மூன்று மணிக்குச் சென்றால் அடோபோ என்ற வினிகர் சேர்த்த இறைச்சி நன்றாகத்தான் இருக்கும், வறுத்தவை மட்டும் நமத்துப் போயிருக்கும். பரிமாறுபவர் உங்களைவிட மூத்தவராகத் தெரிந்தால், ஆணைக் "குயா" என்றும் பெண்ணை "ஆத்தே" என்றும் அழைக்கலாம். அண்ணா, அக்கா என்பதற்கு நிகரான சொற்கள் அவை. நாம் அந்நியரை அப்படி அழைப்பதைப் போலவே அவர்களும் அழைக்கிறார்கள்.

மேசையில் அமர்ந்து சாப்பிடும் உணவகமாக இருந்தால், ஆளுக்கொரு தட்டு என்று கணக்குப் போடாமல், எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் வகையில் சொல்லுங்கள். நான்கு பேருக்கு ஒரு புளிப்பு ரசம், ஒரு குழம்பு வகை, வாட்டியது அல்லது வறுத்தது ஒன்று, ஒரு காய்கறி, இவற்றோடு சோறு என்றால் போதுமானது. குழம்பு வகைகளுக்கு வெள்ளைச் சோறும், வாட்டிய இறைச்சிக்குச் சினாங்காக் என்ற பூண்டுச் சோறும் பொருந்தும்.

புளிப்பு ரசம் என்று நான் குறிப்பிட்டது சினிகாங். புளி சேர்த்துக் கொதிக்கவைத்த தெளிவான சாற்றில் பன்றி விலா எலும்போ, இறாலோ, மீனோ, அவற்றோடு முள்ளங்கியும் கத்தரிக்காயும் கீரையும் கிடக்கும். நம் ரசத்தை எதிர்பார்த்து மிளகையும் பெருங்காயத்தையும் தேடாதீர்கள். அதில் தாளிப்பே கிடையாது. சாற்றைச் சோற்றின்மேல் ஊற்றிக்கொண்டு, மீன் துண்டை மட்டும் தனியே எடுத்து, பாத்திஸ் என்ற மீன் சாற்றில் கலமன்சியைப் பிழிந்து, ஒரு பச்சை மிளகாயை நசுக்கிப் போட்டு, அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கலமன்சி என்பது கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய எலுமிச்சை வகை. பிழியும்போது ஆரஞ்சுத் தோலின் மணம் எழும்.

கரே-கரே என்ற வேர்க்கடலைக் குழம்பில்தான் நான் ஏமாந்தேன். மாட்டு வாலும் வாழைப்பூவும் காராமணிக்காயும் கெட்டியான கடலைச் சாற்றில் மெதுவாக வெந்து, செம்மஞ்சள் நிறத்தில் பார்க்க அழகாக வந்திருந்தது. வாயில் வைத்தால் உப்பே இல்லை. சமையற்காரர் மறந்துவிட்டார் என்று முடிவுசெய்து, உப்புக் குடுவையை எடுத்துத் தாராளமாகத் தூவினேன். பரிமாறிய பெண்மணி அதைக் கண்டு ஒன்றும் சொல்லாமல், நான் ஒதுக்கி வைத்திருந்த ஊதாநிறக் கிண்ணத்தை என் தட்டின் அருகே நகர்த்தி வைத்தார். அது பாகோஓங், அதாவது உப்பில் புளிக்கவைத்த இறால் விழுது. குழம்பில் உப்பைக் குறைத்து வைப்பதே அந்த விழுதுக்கு இடம் விடத்தான். ஒரு கவளத்திற்குச் சுண்டுவிரல் நுனியளவு விழுது போதும். அதற்குமேல் எடுத்தால் கடலையின் இனிப்பு காணாமல் போய்விடும்.

சிசிக் என்பது பம்பாங்கா மாகாணத்து வகை. பன்றியின் முகப்பகுதி இறைச்சியைப் பொடியாக நறுக்கி, காய்ச்சிய இரும்புத் தட்டில் சீறச் சீறக் கொண்டுவருவார்கள். மேலே உடைத்து ஊற்றிய முட்டை இருந்தால், தட்டின் சூடு ஆறுவதற்குள் கிளறிவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் முட்டை வேகாமலே நின்றுவிடும்.

சைவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று சொல்வது போதாது, ஏனெனில் மீன் சாற்றையும் இறால் விழுதையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாகற்காயும் வெண்டைக்காயும் பூசணியும் சேர்ந்த பினாக்பெட், தேங்காய்ப்பாலில் சேப்பங்கிழங்கின் இலையை வேகவைத்த லாயிங் ஆகிய இரண்டும் பெயரளவில்தான் காய்கறி உணவுகள். பெரும்பாலும் அவற்றில் இறாலோ கருவாடோ பன்றித் துண்டுகளோ இருக்கும். ஆகவே "பாத்திஸ் உண்டா, பாகோஓங் உண்டா, இறால் உண்டா" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முட்டை உண்பவர்களுக்குச் சுட்ட கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துப் பொரித்த தோர்த்தாங் தலோங் நல்ல தேர்வு. முட்டையும் உண்ணாதவர்களுக்குச் சோறு, பப்பாளிக்காய் ஊறுகாயான அச்சாரா, வாழைப்பழத்தை மெல்லிய மாவுத்தாளில் சுருட்டிப் பொரித்த துரோன் ஆகியவற்றைத் தாண்டி அதிகம் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. பன்றியை மட்டும் தவிர்ப்பவர்கள் லும்பியா என்ற பொரித்த சுருள், பன்சித் என்ற நூடுல்ஸ் ஆகியவற்றிலும் அது கலந்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கையால் சாப்பிட ஆசைப்படுபவர்கள் கமாயான் விருந்துக்கு முன்பதிவு செய்யலாம். பல உணவகங்கள் குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்திருக்கின்றன. மேசை முழுவதும் வாழையிலையை விரித்து, நடுவே சோற்றைக் கரைபோலக் குவித்து, அதன்மேல் மீனும் இறைச்சியும் பழங்களும் அடுக்குவார்கள். வாழையிலை என்றதும் நமக்குப் பழக்கமானதுதான் என்று எண்ணிவிட வேண்டாம்: இங்கே ஆளுக்கோர் இலை கிடையாது, எல்லாருக்கும் ஒரே இலை. அவரவர் முன்னால் இருக்கும் பகுதியிலிருந்து எடுப்பதே மரியாதை என்றாலும், எச்சில் பார்க்கும் பெரியவர்களை அழைத்துச் செல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் பிடித்துத்தான் அவர்கள் சாப்பிடுவார்கள், கத்தி தேவைப்படுவதில்லை.

இனிப்புக்கு ஹாலோ-ஹாலோ. நீண்ட கண்ணாடிக் குவளையில் அடியில் பயறும் தேங்காய் ஜெல்லித் துண்டுகளும், மேலே துருவிய பனிக்கட்டியும் பாலும், உச்சியில் ராசவள்ளிக்கிழங்கிலிருந்து செய்யும் உபேயும் இருக்கும். பெயரின் பொருளே "கலந்து கலந்து" என்பதால், மேலிருந்து மட்டும் சுரண்டிச் சாப்பிடாமல் நீண்ட கரண்டியால் அடிவரை குத்திக் கிளறுங்கள்.

பில் வரும்போது, நியூயார்க்கில் 8.875 சதவீத விற்பனை வரி சேர்ந்திருக்கும். மேசையில் பரிமாறும் இடங்களில் அதற்குமேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். புறப்படும் முன் ஒரு பொட்டலம் அடோபோ கட்டித் தரச் சொல்லுங்கள். வினிகரும் சோயாவும் பூண்டும் இறைச்சிக்குள் இறங்க ஓர் இரவு தேவைப்படுவதால், மறுநாள் காலை சூடாக்கிச் சாப்பிடும் அடோபோ கடையில் சாப்பிட்டதைவிட நன்றாக இருக்கும்.