பழைய வீட்டைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஆய்வுத் திட்டங்களின் முடிவுகளைப் பயன்படுத்துவது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்தில் செலவாகும் எரிசக்தியில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டடங்களுக்குப் போகிறது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குவதே அதில் பெரும்பங்கை விழுங்குகிறது. அங்குள்ள கட்டடங்களில் 85 விழுக்காடு 2001-க்கு முன் கட்டப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை 2050-லும் நிற்கும். ஐரோப்பிய ஆணையம் 2020 அக்டோபரில் ‘புதுப்பிப்பு அலை’ என்னும் திட்டத்தை அறிவித்து, 2030-க்குள் 3.5 கோடிக் கட்டடங்களைப் புதுப்பிப்பதை இலக்காகக் கொண்டது. ஆயினும் எரிசக்திச் சிக்கனத்துக்காக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை ஒரு விழுக்காடு அளவில்தான் இருந்துவந்தன.

இந்த மந்தநிலைக்குக் காரணமும் மாற்றும் தேடி, ஏழாவது கட்டமைப்புத் திட்டம் (2007–2013), ஹொரைசன் 2020 (2014–2020), ஹொரைசன் யூரோப் (2021–2027) முதலிய ஐரோப்பிய நிதித் தொகுப்புகளிலிருந்து எண்ணற்ற ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. மக்களின் வரிப்பணத்தில் பிறந்த இவற்றின் முடிவுகளில் பெரும்பகுதியை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தடித்த அறிக்கைகளுக்குள் அவை புதைந்து கிடப்பதால், உண்மையில் வீட்டைச் செப்பனிடப் போகும் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்வதில்லை. எதை எங்கே எடுத்து, எந்த முடிவுக்குப் பயன்படுத்துவது என்பதை, ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1960-களில் வெப்பக் காப்பு எதுவுமின்றிக் கட்டப்பட்ட செங்கல் வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் டோர்ட்முண்ட், எசன் நகரங்களில் இத்தகைய வீடுகள் தெருத்தெருவாக உள்ளன.

முதல் வேலை: வீட்டின் வகையை அறிதல்

ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் ‘தபுலா’ இணையக் கருவியைத் திறந்து பாருங்கள். டார்ம்ஸ்டாட் நகரின் வீட்டுவசதி மற்றும் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைத்த தபுலா (2009–2012), அதன் தொடர்ச்சியான எபிஸ்கோப் (2013–2016) ஆகிய திட்டங்களில் இக்கருவி உருவானது. ஒவ்வொரு நாட்டின் குடியிருப்புகளும் கட்டப்பட்ட காலம், அளவு ஆகியவற்றின்படி வகைப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரி வீடு கொடுக்கப்பட்டிருக்கும். ஜெர்மனிக்குரிய பட்டியலில் 1958 முதல் 1968 வரையிலான காலப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால், நம் எடுத்துக்காட்டு வீட்டின் உடன்பிறப்பு திரையில் தோன்றும். அது இப்போதுள்ள நிலையிலும், வழக்கமான புதுப்பிப்புக்குப் பின்னும், மேம்பட்ட புதுப்பிப்புக்குப் பின்னும் எவ்வளவு எரிசக்தி கேட்கும் என்பதை மூன்று நிலைகளாகக் காணலாம். இது உங்கள் வீட்டின் அளவீடு அன்று. ஆனால் யாராவது நம்ப முடியாத சேமிப்பைக் காட்டி விலை பேசும்போது ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட எளிய உரைகல் கிடையாது.

சுவர்க் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதும் அவசியம். ஒரு சதுர மீட்டர் சுவரின் வழியே, உள்ளும் வெளியும் ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே யு மதிப்பு. காப்பில்லாத அக்காலச் சுவருக்கு அதை 1.4 என்று கொள்வோம். உள், வெளி வெப்பநிலை வேறுபாட்டை மணிக்கு மணி கூட்டிய தொகையைப் பாகை மணி என்பார்கள்; ஜெர்மனியின் காலநிலைக்கு அதைத் தோராயமாக ஆண்டுக்கு 80,000 என்று வைத்தால், 100 சதுர மீட்டர் வெளிச்சுவர் ஆண்டொன்றுக்கு 11,200 கிலோவாட் மணி வெப்பத்தை இழக்கிறது. அச்சுவரின் மேல் 0.035 வெப்பக் கடத்துதிறன் (இது குறையக் குறையக் காப்பு கூடும்) கொண்ட காப்புப் பலகையை 8 சென்டிமீட்டர் கனத்தில் ஒட்டினால் யு மதிப்பு 0.33-ஆகக் குறைந்து, இழப்பு சுமார் 2,670 ஆகும். அதையே 16 சென்டிமீட்டராக ஒட்டினால் யு மதிப்பு 0.19, இழப்பு சுமார் 1,520.

முதல் 8 சென்டிமீட்டரே பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறதே, அது போதாதா என்று தோன்றும். போதாது என்பதே என் உறுதியான கருத்து. சாரம் கட்டுவது, ஆட்கூலி, பூச்சு, வண்ணம் ஆகிய செலவுகள் பலகையின் கனத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. கூடுவது பலகையின் விலை மட்டுமே. மெல்லிய காப்பை ஒட்டி முடித்த சுவரை அடுத்த 30, 40 ஆண்டுகளுக்கு யாரும் தொடப்போவதில்லை. ஜெர்மனியின் கூட்டரசு மானியமும் வெளிச்சுவருக்கு 0.20 அல்லது அதற்குக் குறைவான யு மதிப்பைக் கேட்கிறது. அரைகுறையாகச் செய்து முடித்த வேலை, பிறகு முழுமையாகச் செய்வதற்கான வழியையே அடைத்துவிடுகிறது என்பதை இத்துறை ஆய்வுகள் திரும்பத் திரும்ப எடுத்துரைக்கின்றன.

எதற்குப் பின் எது

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துமுடிக்கும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. மற்றவர்கள் இவ்வாண்டு சன்னல், மூன்றாண்டு கழித்துக் கூரை, பிறகு சுவர் என்று கையிருப்புக்கு ஏற்பச் செய்கிறார்கள். இதைக் குறையாகக் கருதாமல், படிப்படியாகச் செய்தாலும் முழுப் பயனை அடைவது எப்படி என்று ஆராய்ந்தவை இரண்டு திட்டங்கள். டார்ம்ஸ்டாட்டின் பாசிவ் ஹவுஸ் நிறுவனம் ஒருங்கிணைத்த யூரோஃபிட் (2013–2016), பல கட்டங்களாக நடக்கும் வேலைகள் முடிவில் எனர்ஃபிட் என்னும் தரத்தைத் தொடுவதற்கான முறையை வகுத்தது; நடு ஐரோப்பியக் காலநிலையில் அத்தரம் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோவாட் மணி வெப்பத் தேவையைக் குறிக்கும். ஐபிரோட் (2017–2020) ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிப் புதுப்பிப்புப் பாதை வரைபடத்தையும், வேலைகளைப் பதிந்துவைக்கும் வீட்டுக் குறிப்பேட்டையும் உருவாக்கி, பல்கேரியா, போலந்து, போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் சோதித்தது.

இவற்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு வேலையைச் செய்யும்போதே அடுத்த வேலைக்கு இடம் விட்டுவைக்கும் பழக்கம். கூரையை முதலில் மாற்றுகிறீர்களானால், பின்னாளில் சுவரின் மேல் ஏறப்போகும் 16 முதல் 20 சென்டிமீட்டர் காப்பையும் மூடும்படி ஓரத்தை இப்போதே நீட்டிவிடச் சொல்லுங்கள். இல்லையேல் சுவருக்குக் காப்பு ஒட்டும் நாளில் கூரையின் விளிம்பு உள்ளே நின்றுவிடும்; அதை மறுபடி பிரிப்பது வீண்செலவு. சன்னல்களை முதலில் மாற்றுவதாக இருந்தால், சட்டத்தைப் பழைய இடத்தில், அதாவது சுவரின் நடுவில் பொருத்தாமல், செங்கல் சுவரின் வெளி விளிம்புக்கு நகர்த்துங்கள். பிறகு வரும் காப்பு சட்டத்தின் ஓரத்தையும் சற்று மூடி, அந்த இணைப்பு வழியாக வெப்பம் கசிவதைத் தடுக்கும்.

சன்னல்களை மட்டும் மாற்றிவிட்டுச் சுவரை அப்படியே விடும்போது கவனிக்க வேண்டிய ஆபத்தும் ஒன்று உண்டு. பழைய சன்னல்களின் இடுக்குகள் வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரக்காற்று, புதிய சன்னல்கள் வந்ததும் உள்ளேயே தங்குகிறது. சுவரோ முன்போலவே குளிர்ந்திருக்கிறது. அறைக்காற்று 20 பாகையிலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் இருக்கும்போது, சுவரின் உட்பரப்பு 12.6 பாகைக்குக் கீழே இறங்கினால், அப்பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிப் பூஞ்சை வளரத் தொடங்கும். அலமாரிக்குப் பின்னாலும், வெளிச்சுவர்கள் கூடும் மூலையிலும், சன்னலின் பக்கவாட்டிலும்தான் அது முதலில் தலைகாட்டும். சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, துணியையும் வீட்டுக்குள்ளேயே உலர்த்தும் குடும்பங்களில் ஈரப்பதம் 50-ஐ எளிதில் தாண்டும் என்பதால், இதை அலட்சியம் செய்யக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சன்னல்களை மாற்றினால் காற்றோட்டத் திட்டம் ஒன்று வேண்டும் என்று ஜெர்மானியத் தரவிதியே சொல்கிறது. ஒப்பந்தக்காரரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சூடேற்றும் கருவியைப் பொறுத்தவரை, சுவரும் கூரையும் முடிந்த பின் வெப்ப இறைப்பியை (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) வாங்கினால் சிறிய கருவியே போதும். ஆனால் பழைய எரிவாயுக் கொதிகலன் அதுவரை காத்திராமல் பழுதாகலாம். ஆகவே அடுத்த கடுங்குளிர் வாரத்திலேயே, கொதிகலனிலிருந்து அறைகளின் வெப்பத் தகடுகளுக்கு (ரேடியேட்டர்) செல்லும் நீரின் வெப்பநிலையை 55 பாகையாகக் குறைத்து, தகடுகளின் திருகுகளை முழுதும் திறந்துவைத்துப் பாருங்கள். அறைகள் போதிய சூட்டுடன் இருந்தால் வீடு வெப்ப இறைப்பிக்கு ஏற்கெனவே ஏற்றது. ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் அவ்வறையின் தகட்டைப் பெரிதாக்கினால் போதும். ஜெர்மனியின் பிரவுன்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் பழைய வீடுகளில் நேரடியாக அளந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் இறைப்பிகள் ஒரு பங்கு மின்சாரத்துக்குச் சராசரியாக 3.1 பங்கு வெப்பம் தந்தன. பழைய வீட்டில் இவை வேலை செய்யாது என்று சொல்பவர்களுக்கு இந்த எண் போதுமான பதில்.

கணக்கும் அளவீடும்

ஆய்வறிக்கைகளைப் படிக்கும்போது, கொடுக்கப்பட்ட எண் கணக்கிடப்பட்டதா, அளக்கப்பட்டதா என்ற கேள்வியை ஒரு போதும் விட்டுவிடாதீர்கள். காப்பற்ற வீடுகளில் வாழ்பவர்கள், செலவுக்கு அஞ்சி எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை. ஜெர்மானிய வீடுகளின் தரவுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், கணக்கிட்ட தேவையைவிட உண்மைச் செலவு சராசரியாக 30 விழுக்காடு குறைவாக இருப்பதை 2012-ல் வெளியிட்டனர். செலவே செய்யாத எரிசக்தியை மிச்சப்படுத்த முடியாது. எனவே மேலே போட்ட சுவர்க் கணக்கையும், ஆலோசகர் தரும் சேமிப்புக் கணக்கையும் உங்கள் கடந்த மூன்றாண்டு எரிவாயு ரசீதுகளோடு ஒப்பிட்ட பிறகே கடன் தொகையை முடிவு செய்யுங்கள். சேமிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தாலும், முன்பு மூடிக்கிடந்த அறையில் பிள்ளைகள் இதமாக உட்கார்ந்து படிக்க முடிவதும் புதுப்பிப்பின் பயனே. அது ரசீதில் தெரிவதில்லை.

கோர்டிஸ் தளத்தில் தேடும் முறை

ஐரோப்பிய நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்களை ஆணையத்தின் ‘கோர்டிஸ்’ தரவுத்தளத்தில் காணலாம். உங்கள் கட்டட வகையையும் வேலையையும் இட்டுத் தேடி, முதலில் திட்டத்தின் வகையைப் பாருங்கள். ‘புத்தாக்க நடவடிக்கை’ என்று குறிக்கப்பட்டவற்றில் பெரும்பாலும் உண்மைக் கட்டடங்களில் நடந்த செயல்விளக்கம் இருக்கும். ‘ஒருங்கிணைப்பு மற்றும் ஆதரவு நடவடிக்கை’ என்பவற்றில் கையேடுகளும் கருவிகளும் கிடைக்கும். அடுத்து, தொழில்நுட்பத்தின் முதிர்ச்சி நிலையை ஒன்று முதல் ஒன்பது வரையிலான அளவில் தேடுங்கள். ஐந்து, ஆறு என்று இருப்பது இன்னும் சோதனைப் பொருள். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் அதைப் பரிசோதிக்க வேண்டியதில்லை. சுருக்கக் குறிப்பைப் படித்ததோடு நின்றுவிடாமல், பொதுப் பார்வைக்கு உரியவை என்று பட்டியலிடப்பட்ட அறிக்கைகளில் செயல்விளக்கக் கட்டடங்களின் கண்காணிப்பு அறிக்கையைத் திறந்து பாருங்கள்; எது சொன்னபடி நடக்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும். திட்டம் முடிந்த சில ஆண்டுகளில் அதன் சொந்த இணையதளம் மறைந்துவிடுவது வழக்கம் என்பதால், தேவையான கோப்புகளைக் கண்டவுடன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிமுகப்பை மாற்ற அனுமதியில்லாத பாரம்பரியக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள், சுவரின் உட்பக்கத்தில் காப்பு வைப்பதை ஆராய்ந்த ரிபில்ட் திட்டத்தையும், இத்தாலியின் போல்சானோ நகர ஆய்வு மையம் ஒருங்கிணைத்த 3என்கல்ட் (2010–2014) திட்டத்தையும் படிக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். உட்புறக் காப்பு சுவரை மேலும் குளிரச் செய்வதால் ஈரம் சுவருக்குள் தேங்கவும், அதில் பதிந்த மர உத்தரங்களின் முனைகள் உளுத்துப்போகவும் இடமுண்டு.

அடுக்குமாடியில் சிக்கல் தொழில்நுட்பத்தைவிட அண்டைவீட்டாரின் சம்மதத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ‘ஓபன்கெலா’ அமைப்பு பில்பாவோவின் ஒட்சார்கோவாகா, எய்பாரின் சொண்டா ஆகிய குடியிருப்புப் பகுதிகளிலேயே அலுவலகம் திறந்து, தொழில்நுட்ப ஆலோசனை, மானிய விண்ணப்பம், கடன் அனைத்தையும் ஒரே இடத்தில் கவனித்தது. உங்கள் நகராட்சியில் இத்தகைய ஒற்றைச் சாளர மையம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

2024 மே 28 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட கட்டட எரிசக்தி நெறிமுறை, 2026 மே மாதத்துக்குள் ஒவ்வோர் உறுப்பு நாடும் புதுப்பிப்புக் கடவுச்சீட்டு முறையைக் கொண்டுவர வேண்டும் என்று வகுத்தது; ஐபிரோட் சோதித்த எண்ணம் இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது. ஜெர்மனியில் அதன் உறவான தனிவீட்டுப் புதுப்பிப்பு வரைபடம் 2017 முதலே உள்ளது. அதன்படி செய்யும் வெளிச்சுவர், கூரை, சன்னல் வேலைகளுக்குக் கூடுதலாக 5 விழுக்காடு மானியம் தரும் ஏற்பாடும் உண்டு. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் வேலையைத் தொடங்கினால் உரிமை போய்விடும்.

சுவரும் கூரையும் சன்னலும் இணையும் இடங்களைப் பலகை வைத்து மூடுவதற்கு முன்பே, 50 பாஸ்கல் அழுத்தத்தில் காற்றுக்கசிவுச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். வீடு முடிந்த பின் செய்யும் சோதனை சான்றிதழுக்கு உதவும். ஆனால் கசிவு எங்கே என்று தெரிந்தாலும் அப்போது அங்கே கை வைக்க முடியாது. எனர்ஃபிட் தரத்துக்கு, அந்த அழுத்தத்தில் வீட்டின் காற்று மணிக்கு ஒரு முறைக்கு மேல் மாறக் கூடாது. இந்த எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, அது எட்டப்படும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்கும் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.